கூடி விற்றால் விலை கிடைக்கும்

பதுளை மாவட்டத்து வெலிமடைப் பகுதி வயல்களில், பெரும்போக நெல் அறுவடையின் பின், சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் பயிராகின்றன. ஒரே காலத்தில் நடுவதால் ஒரே காலத்தில் விளைச்சல் குவிந்து விலை வீழ்கிறது. கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்குத் தனியே மூட்டை கொண்டு செல்பவர், அது வாடுமுன் விற்க வேண்டியிருத்தலால், வியாபாரி சொன்ன விலைக்கு இணங்குகிறார். லொறிக் கூலியையும் அவரே சுமக்கிறார்.

இதற்குப் பரிகாரம் கூட்டுறவு. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 28 பேர் சிறு முதல் சேர்த்துக் கடை தொடங்கினர். இலங்கையில் 1911ஆம் ஆண்டுச் சட்டம் ஐக்கிய நாணய சங்கங்களுக்கு வழி வகுத்தது.

அயற் கமக்காரர் கூடிச் செய்யத்தக்கவை:

1. கோவா, போஞ்சி, தக்காளி ஆகியவற்றை வாரம் மாற்றி நடுதல்.

2. பறிக்குமுன் சந்தை விலையை விசாரித்தறிதல்.

3. தரம் பிரித்து, சாக்கில் அமுக்காது பெட்டிகளில் அடுக்கி, ஒரே லொறியில் அனுப்புதல்.

4. எடை, விலை, செலவு யாவையும் அங்கத்தவர் முன் வாசித்தல். கணக்கு மறைந்தால் சங்கம் முறியும்.

தோட்ட லயன்களின் அருகே சிறு பாத்திகளில் பயிரிடுவோரையும் சேர்த்துக்கொள்க. ஒரு மூட்டை மட்டும் உடையவருக்கே கூட்டு லொறி மிகுந்த பயன் தரும். பதிவு செய்யும் முறையைக் கூட்டுறவு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டறிக.