கள்ளாகாத சர்க்கரைத் தண்ணீர்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பெண்டாங் வயல்காட்டு ஊர். வடக்கே அலோர் ஸ்டார், தெற்கே சுங்கைப் பட்டாணி. நெல்லுக்கு அப்பால் ஆங்காங்கே ரப்பரும் செம்பனையும். இந்தப் பக்கம் ஒரு தமிழ்க் கல்யாண விருந்து என்றால் பக்கத்துக் கம்போங் மலாய்க் குடும்பங்கள் வரும், மளிகைக்கடைச் சீனர் வருவார், தோட்டத்து உறவு மொத்தமும் வந்து இறங்கும். அத்தனை பேரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து தயக்கமில்லாமல் குடிக்க ஒரு பானம் வேண்டும். ரோஜா மணம் கொண்ட சிவப்பு சிராப், இல்லாவிட்டால் பால் கலந்த பண்டோங் என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மது இல்லாத பானம் என்பது சுலபமான முடிவாகத் தெரியலாம். ஆனால் முப்பது டிகிரி வெப்பத்தில் திறந்து வைத்த சர்க்கரைத் தண்ணீர் யாரும் கேட்காவிட்டாலும் மதுவை நோக்கித்தான் நகரும். அதை நகரவிடாமல் நிறுத்துவதில்தான் வித்தை இருக்கிறது.

தென்னம்பாளையைச் சீவினால் முதலில் வடிவது கள் அல்ல. வெறும் இனிப்புச் சாறு. நூறு பங்கில் பத்துப் பதினைந்து பங்கு சர்க்கரை. காற்றிலும் பானைச் சுவரிலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட், சாறு பட்ட கணமே வேலையைத் தொடங்கிவிடும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை உடைத்தால் இரண்டு எத்தனால், இரண்டு கார்பன் டை ஆக்சைடு. விடியலில் இறக்கியது பொழுது சாய்வதற்குள் நான்கைந்து விழுக்காடு எத்தனாலோடு நுரைத்து நிற்கும். பானைக்குள் சுண்ணாம்பு தடவிவிட்டால் கதை வேறு. காரத்தன்மை ஏறிய சாற்றில் ஈஸ்ட்டின் கை ஓங்காது. சாறு பதநீராகவே இருக்கும். கெடாவில் மலாய்க்காரர்கள் விற்கும் நிராவும் இந்த வகைப் பாளைச்சாறுதான். புளிப்பதற்குள் குளிரவைத்துக் குடிப்பார்கள். ஒரே பாளையின் சாறு கள்ளுக்கடைக்குப் போவதா, தொழுகை முடிந்து வருகிறவரின் கைக்குப் போவதா என்பதைச் சில மணி நேரம் தீர்மானித்துவிடுகிறது.

கெடாத் தோட்டங்களில் அந்தச் சில மணி நேரத்துக்குள் பெரிய அரசியலே இருந்தது. கள்ளுக்கடை தோட்ட நிர்வாகத்தின் ஓர் அங்கம். கொடுத்த கூலியில் ஒரு பங்கு திரும்பிப் போகும் வாசல். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி திரட்டிய தொண்டர் படை கள்ளுக்கடை மறியலைக் கையில் எடுத்தது. 1947 தொடக்கத்தில் சுங்கைப் பட்டாணியிலும் பீடோங்கிலும் போலீஸாரோடு மோதல், உயிரிழப்பு, கைதுகள். விருந்தில் கள் வேண்டாம் என்று தாத்தா தலைமுறையில் சிலர் பிடித்த பிடிவாதத்துக்குப் பின்னால் பக்தி மட்டும்தான் இருந்தது என்று நினைக்கிறவர்களுக்கு இந்த வரலாறு தெரியாது.

கள் புளிக்கும் அதே வெயிலில் சிராப் போத்தல் மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கிறது. அதிலும் இருப்பது சர்க்கரைதான், பாளைச்சாற்றைவிடப் பல மடங்கு. அந்த மிகுதியே அதற்குக் காவல். எடையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரை ஏறிவிட்டால் இருக்கிற நீரையெல்லாம் சர்க்கரை மூலக்கூறுகளே பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே விழுந்த ஈஸ்ட்டுக்குப் பயன்படுத்தத் தண்ணீர் மிஞ்சாது. அதன் உடம்பு நீரும் வெளியே இழுபடும். எலுமிச்சை ஊறுகாயில் உப்பு செய்கிற வேலையை இங்கே சர்க்கரை செய்கிறது. ட்ரம்மில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிய நிமிடம் இந்தக் காவல் கலைந்துவிடும். பாலும் சேர்ந்தால் ஈஸ்ட்டை முந்திக்கொண்டு பாக்டீரியா வந்துவிடும். ஆகவே கலந்ததை நான்கு மணி நேரத்துக்குள் ஊற்றித் தீர்ப்பதுதான் முறை. முதல் நாள் இரவே கலந்து வைக்கும் சுறுசுறுப்பு இந்த ஒரு விஷயத்தில் வேண்டாம்.

சிராப்பின் மணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ரோஜா மணத்துக்குக் காரணமான மூலக்கூறுகளில் முக்கியமான ஒன்று 2-ஃபினைல் எத்தனால். எத்தனாலுக்கு உறவுமுறைதான், ஆனால் போதை தராது. இதே மூலக்கூறை ஈஸ்ட்டும் செய்கிறது. புரதத்தின் ஓர் உறுப்பான ஃபினைல் அலனைனை நொதிக்கும்போது இது பக்க விளைபொருளாக வெளிவரும். புளித்த ரொட்டி மாவில் இருக்கிறது, பீரில் இருக்கிறது. அப்படியானால் கள்ளுக்கடைக் காற்றிலும் மெல்லியதாக ஒரு ரோஜா இருந்திருக்க வேண்டும். புளித்த வாடையில் அதை யார் கவனித்தார்கள்!

சரி, மேசைக்கு வரும் பானத்தில் எத்தனால் அறவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியுமா? பழச்சாறு வைத்தால் முடியாது. ஜெர்மனியில் கடைப்பொருள்களை அளந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில் ஆரஞ்சு, ஆப்பிள், திராட்சைச் சாறுகளில் லிட்டருக்கு 0.77 கிராம் வரை எத்தனால் இருந்தது. பர்கர் ரொட்டிகள் சிலவற்றில் அதைவிடப் பல மடங்கு. இதைக் குடித்தோ தின்றோ யாரும் தள்ளாடப் போவதில்லை. மலேசிய தேசிய ஃபத்வா கூட்டமும் 2011இல் இதை நிதானமாகவே அணுகியது: மதுவாக்கும் நோக்கமின்றிச் செய்த மென்பானத்தில் ஆல்கஹால் ஒரு விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குடிக்கலாம். ஆனால் மது செய்யும் நோக்கத்தோடு, அதே முறையில் செய்தது என்றால் அளவைச் சொல்லித் தப்பிக்க முடியாது. 2019இல் ஹைனெக்கென் 0.0 என்ற ஆல்கஹாலில்லாத பீர் இங்கே விற்பனைக்கு வந்தபோது, முஸ்லிம் அல்லாத, 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே அது என்று நிறுவனமே சொல்லிவிட்டது. பூஜ்யம் என்று எழுதிய டின் விலக்கப்படுகிறது, எத்தனால் துளிர்த்த ஆரஞ்சுச் சாறு அனுமதிக்கப்படுகிறது. இதில் எனக்கு முரண் தெரியவில்லை. ஆய்வுக்கூடம் மூலக்கூறை எண்ணுகிறது, ஃபத்வா அது வந்த வழியைப் பார்க்கிறது. மலாய் விருந்தாளி உட்காரும் மேசையில் அந்த டின்னை வைக்காமல் இருப்பது மரியாதை, அவ்வளவுதான்.

கலக்குகிறவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ஐஸ். 30 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் தண்ணீரை 5 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 500 கிலோகலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகி 5 டிகிரிக்கு வருவதற்குள் 85 கிலோகலோரியை விழுங்கும். வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஆறு கிலோ ஐஸ் உருகியாக வேண்டும். இருபது லிட்டர் இருபத்தாறாகிவிடுகிறது! முதல் பந்திக்குச் சரியாக இனித்தது மூன்றாம் பந்திக்குச் சப்பென்று போவதன் ரகசியம் இதுதான். இன்னொரு காரணம் நம் நாக்கிலேயே இருக்கிறது. இனிப்பை மூளைக்குச் சொல்லும் செல்களில் டி.ஆர்.பி.எம்.5 என்றொரு வாசல் உண்டு. சூட்டில் அகலத் திறக்கும், குளிரில் ஒடுங்கிவிடும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு 2005இல் இதை விளக்கியது. ஆக, ஐஸ் போடுவதற்கு முன் ருசி பார்க்கும்போது திகட்டுகிற அளவுக்கு இனித்தால்தான் பரிமாறும்போது அளவாக இருக்கும். திகட்டலைப் பார்த்துப் பயந்து தண்ணீர் ஊற்றும் சித்தப்பாவை ட்ரம் பக்கம் விடக்கூடாது.

பண்டோங்கில் எலுமிச்சை பிழிவது அடுத்த ஆபத்து. டின் பாலிலுள்ள கேசின் புரதம் ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டத்தால் மிதந்துகொண்டிருக்கிறது. புளிப்பு ஏறி அமிலநிலை 4.6ஐ நெருங்கும்போது அந்த மின்னூட்டம் தணிந்துபோகும். புரதங்கள் ஒட்டிக்கொண்டு ட்ரம்மே திரிந்துவிடும். எலுமிச்சை வேண்டுமென்றால் பால் கலக்காத சிராப் லீமாவ், அதுவும் தனி ட்ரம்மில், தனிக் கரண்டியோடு.

ஆனாலும் ஆட்டுக்கறி பரிமாறும் மேசைக்கு என் ஓட்டு பண்டோங்குக்கே. மிளகாயின் கேப்சைசின் தண்ணீரில் கரையாது. வெறும் தண்ணீர் அதை வாய் முழுக்கப் பரப்பத்தான் உதவும். பால் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 72 பேருக்கு உறைப்பைக் கொடுத்துப் பானங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கொழுப்பெடுத்த பாலும் எடுக்காத பாலும் நன்றாக அணைத்தன. கூடவே நின்றது கூல்-எய்ட் என்கிற சிவப்புச் சர்க்கரைத் தண்ணீர், நம் சிராப்புக்கு ஒன்றுவிட்ட சகோதரம். கோலாவும் சோடாவும் ஆல்கஹாலில்லாத பீரும் பின்தங்கின. சோடாவில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு வாயில் தானே ஒரு எரிச்சலைக் கிளப்பும், அது உறைப்போடு சேர்ந்துகொள்ளும். அதனால் கோலா டின்களைக் கேக், பலகாரம் இருக்கும் மேசைக்கு நகர்த்திவிட்டு, பிரியாணித் தட்டுக்குப் பக்கத்தில் பண்டோங் கிளாஸை வைக்கலாம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு அந்த லீமாவ் ட்ரம்.