மலைச்சாலைகளில் மகிழுந்துகளின் எரிபொருள் சிக்கனம்

எரிபொருள் சிக்கனம் என்பது ஒரு வண்டி குறிப்பிட்ட அளவு எரிபொருளைக் கொண்டு எவ்வளவு தொலைவு ஓடுகிறது என்பதைக் காட்டும் அளவாகும். பேச்சு வழக்கில் இது மைலேஜ் எனப்படுகிறது. இந்தியாவில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் (கிமீ/லி) என்றும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்றும் இது குறிக்கப்படுகிறது. பழைய மகிழுந்துகளைவிடப் புதியவை பொதுவாகச் சிக்கனமானவை. எனினும் சமவெளியில் காணப்படும் வேறுபாடு மலைச்சாலையில் அப்படியே இருப்பதில்லை. ஏறும்போது வண்டியின் எடையும், இறங்கும்போது எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருள் நிறுத்தப்படுகிறதா என்பதும் முதன்மை பெறுகின்றன. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் சாலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

போடிமெட்டுச் சாலை

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து 350 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் அமைந்துள்ளது. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 இவ்வூர் வழியாகச் செல்கிறது. முந்தல் என்னும் இடத்தில் மலையேற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 20 கிமீ தொலைவில் தமிழ்நாடு, கேரள எல்லையான போடிமெட்டை அடையலாம். இரண்டு இடங்களுக்கும் இடையிலான உயர வேறுபாடு ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆகும். அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை முதலிய இடுக்கி மாவட்டப் பகுதிகளில் ஏலக்காய்த் தோட்டங்கள் பரவியுள்ளன. தோட்டத் தொழிலாளர்கள் போடி வட்டாரத்திலிருந்து ஜீப்புகளில் மலையேறி வேலைக்குச் சென்று திரும்புவது நெடுங்கால வழக்கம். ஆகவே இச்சாலையில் எரிபொருள் செலவு என்பது அன்றாடக் கூலியோடும் தொடர்புடைய செய்தியாகும்.

பழைய வண்டிகளும் புதிய வண்டிகளும்

இந்தியச் சாலைகளில் நீண்ட காலம் ஓடிய அம்பாசிடர் 1950களின் இறுதி முதல் 2014 வரை உற்பத்தி செய்யப்பட்டது. பரவலாக அறியப்பட்ட அதன் பெட்ரோல் வகையில் 1,489 கன செமீ கொள்ளளவுள்ள எஞ்சின் இருந்தது. வண்டியின் எடை ஏறத்தாழ 1,100 கிகி. எரிபொருளைக் காற்றுடன் கலக்கும் பணியைக் கார்ப்பரேட்டர் செய்தது. 1983 திசம்பரில் வெளிவந்த மாருதி 800 இன் எஞ்சின் 796 கன செமீ கொள்ளளவும் மூன்று உருளைகளும் கொண்டது. வண்டியின் எடை ஏறத்தாழ 650 கிகி மட்டுமே. தொடக்கத்தில் இதுவும் கார்ப்பரேட்டர் வண்டியே.

2000ஆம் ஆண்டை ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாயின. அவ்வாண்டு பிப்ரவரியில் இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நிறுத்தப்பட்டது. புதிய மகிழுந்துகளில் கார்ப்பரேட்டருக்குப் பதிலாகக் கணினிக் கட்டுப்பாட்டுடன் கூடிய எரிபொருள் உட்செலுத்தல் முறை இடம்பெற்றது. பழைய எஞ்சின்களில் 7 முதல் 8 வரை இருந்த அமுக்க விகிதம் இன்றைய பெட்ரோல் எஞ்சின்களில் 10க்கும் மேல் உள்ளது. அமுக்க விகிதம் கூடினால் அதே எரிபொருளிலிருந்து கூடுதல் வேலையைப் பெறலாம். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கியர்களும், உராய்வு குறைந்த உதிரிப்பாகங்களும் சிக்கனத்தை மேலும் கூட்டின.

ஏற்றத்தில் ஆகும் செலவு

மலையேறும் வண்டி தன் எடை முழுவதையும் உயர்த்த வேண்டும். இதற்குத் தேவையான ஆற்றல் நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகியவற்றின் பெருக்கற்பலனாகும். பயணிகளுடன் 1,400 கிகி எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயர 13.7 மெகாஜூல் தேவை. வண்டி பழையதா புதியதா என்பதால் இந்த அளவு மாறாது. 20 கிமீ தொலைவுக்கான சக்கரங்களின் உருளல் தடை ஏறத்தாழ 3.6 மெகாஜூல். மணிக்கு 30 கிமீ வேகத்தில் காற்றுத் தடை 0.7 மெகாஜூல் மட்டுமே. எனவே நெடுஞ்சாலையில் பெரிதும் உதவும் காற்றைக் கிழிக்கும் வடிவமைப்பால் இங்குப் பயன் மிகக் குறைவு.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. பழைய எஞ்சினின் பயனுறுதிறனை 20 விழுக்காடு என்றும், புதியதன் பயனுறுதிறனை 28 விழுக்காடு என்றும் கொண்டால் கிடைக்கும் மதிப்பீடு பின்வருமாறு:

* 1,400 கிகி எடை, பழைய எஞ்சின்: 2.8 லிட்டர் (ஏறத்தாழ 7 கிமீ/லி)
* 1,400 கிகி எடை, புதிய எஞ்சின்: 2.0 லிட்டர் (10 கிமீ/லி)
* 950 கிகி எடை, பழைய எஞ்சின்: 1.9 லிட்டர் (ஏறத்தாழ 10 கிமீ/லி)

மூன்றாவது நிலை, 300 கிகி சுமையுடன் ஏறும் பழைய மாருதி 800 போன்ற வண்டிக்குப் பொருந்தும். எஞ்சின் நுட்பத்தில் பின்தங்கியிருந்தும், எடை குறைவு என்பதால் அது புதிய எஞ்சின் பூட்டிய கனமான வண்டிக்கு ஈடாக நிற்கிறது. மோதல் பாதுகாப்பு, காற்றுப்பைகள், குளிரூட்டி ஆகியவற்றால் புதிய வண்டிகளின் எடை கூடியுள்ளது. எஞ்சின் முன்னேற்றத்தால் கிடைத்த பயனில் ஒரு பகுதி இந்த எடையைச் சுமப்பதில் செலவாகிறது.

உயரமும் கார்ப்பரேட்டரும்

அடிவாரத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது. கார்ப்பரேட்டர் இந்த மாற்றத்தை முழுமையாக ஈடு செய்யாது. எனவே அடிவாரத்தில் சரியாக அமைக்கப்பட்ட வண்டி மேலே செல்லச் செல்லத் தேவைக்கு மிகுந்த பெட்ரோலை எடுத்துக்கொள்ளும். கரும்புகையும் இழுவைக் குறைவும் இதன் அறிகுறிகளாகும். உட்செலுத்தல் முறையில் புகைபோக்கியில் உள்ள ஆக்சிசன் உணரி தரும் தகவலைக் கொண்டு, எரிபொருளின் அளவு தொடர்ந்து திருத்தப்படுகிறது.

இறக்கத்தில் ஆகும் செலவு

இறங்கும்போது வண்டியை இழுக்க எரிபொருள் தேவையில்லை. ஆனால் கார்ப்பரேட்டர் வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் எஞ்சின் சுழலும்வரை பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். 40 நிமிட இறக்கத்தில் இது ஏறத்தாழ அரை லிட்டர் ஆகலாம். இதனை மிச்சப்படுத்த, வண்டியை நியூட்ரலில் விடுவதும் எஞ்சினையே நிறுத்திவிட்டு இறக்குவதும் ஓட்டுநர் சிலரிடையே பழக்கமாயின.

உட்செலுத்தல் முறை கொண்ட வண்டியில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கணினி எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். வேகம் மிகவும் குறைந்தால் மட்டுமே எரிபொருள் மீண்டும் செல்லும். நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் தேவைப்படும். ஆகவே புதிய வண்டியை நியூட்ரலில் இறக்குவது சிக்கனம் அன்று, அது கூடுதல் செலவே. பழைய டீசல் ஜீப்புகளிலும் எரிபொருள் பம்பின் கட்டுப்படுத்தி இதே போன்று டீசலை நிறுத்துவதால், அவற்றிலும் நியூட்ரலால் பயன் இல்லை.

இதிலுள்ள ஆபத்து பெரிது. மேற்கண்ட 1,400 கிகி வண்டி இறங்கும்போது, உருளல் தடையும் காற்றுத் தடையும் போக, ஏறத்தாழ 9.5 மெகாஜூல் ஆற்றல் வேறு வழியில் வெளியேற வேண்டும். இது 30 லிட்டர் தண்ணீரை 25 பாகையிலிருந்து கொதிநிலைக்குச் சூடாக்கப் போதுமானது. கியரில் இறங்கினால் இதில் கணிசமான பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் முழுச் சுமையும் பிரேக்குகளின் மீது விழும். அளவுக்கு மீறிச் சூடான பிரேக்குகள் பிடிப்பை இழக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட அமைப்பு சில மிதிகளுக்குப் பின் செயலிழக்கும். ஸ்டீயரிங் கடினமாகும். சாவியைக் கழற்றினால் பூட்டிக்கொள்ளவும் கூடும். அரை லிட்டர் பெட்ரோலுக்காக ஏற்கத்தக்க ஆபத்து அன்று இது. ஏறுவதற்குப் பயன்படுத்திய அதே கியரில் இறங்க வேண்டும் என்னும் ஓட்டுநர் மரபு பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் பொருந்தும்.

ஏறி இறங்கும் 40 கிமீ பயணத்தை மொத்தமாகக் கணக்கிட்டால் 1,400 கிகி எடையுள்ள பழைய வண்டிக்கு ஏறத்தாழ 3.3 லிட்டரும், புதிய வண்டிக்கு 2.1 லிட்டரும் ஆகும். இச்சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கு இறக்கத்தில் கிடைப்பதாகும். கலப்பு எரிபொருள் வண்டிகளும் மின்வண்டிகளும் வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்தில் திரும்பச் சேமிக்கின்றன.

ஆளுக்கான எரிபொருள்

வண்டிக்கு ஆகும் எரிபொருளும் ஆளுக்கு ஆகும் எரிபொருளும் வேறு வேறு. எட்டுப் பேருடன் 1,950 கிகி எடையில் ஏறும் டீசல் ஜீப்புக்கு, 28 விழுக்காடு பயனுறுதிறனில், ஏறத்தாழ 2.5 லிட்டர் டீசல் தேவை. அதாவது ஆளுக்கு 0.3 லிட்டர். இருவர் மட்டும் செல்லும் 1,150 கிகி எடையுள்ள புதிய பெட்ரோல் வண்டியில் ஆளுக்கு 0.8 லிட்டருக்கு மேல் ஆகும். பழைய ஜீப்பு இவ்வகையில் முந்தினாலும், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றுவதற்கு இக்கணக்கு நியாயம் ஆகாது. கூடும் ஒவ்வோர் ஆளின் எடையையும் இறக்கத்தில் பிரேக்கே தாங்க வேண்டியுள்ளது.

தரநிலைகளும் எத்தனாலும்

இந்தியாவில் மகிழுந்து நிறுவனங்களுக்கான சராசரி எரிபொருள் நுகர்வு விதிகள் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. கிலோமீட்டருக்கு 130 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்றிருந்த வரம்பு 2022-23 முதல் 113 கிராம் ஆனது. பெட்ரோல் வண்டிக்கு இவை முறையே ஏறத்தாழ 18 கிமீ/லி, 21 கிமீ/லி என்பவற்றுக்குச் சமம். இச்சோதனைகள் ஆய்வகத்தில் சமதளச் சாலைக்குரிய நிலையில் நடத்தப்படுவதால், விளம்பரங்களில் காணும் மைலேஜ் மலைச்சாலைக்குப் பொருந்தாது.

எத்தனாலில் உள்ள ஆற்றல், அதே கன அளவுள்ள பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலால், அதற்கென வடிவமைக்கப்படாத பழைய மகிழுந்துகளின் சிக்கனம் 6 முதல் 7 விழுக்காடு வரை குறையலாம் என நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* கார்ப்பரேட்டர்
* போடிநாயக்கனூர்
* ஏலக்காய்