மஞ்சள் கடுதாசி கொடுப்பது எவ்வாறு?

கடன் மிஞ்சிய குடியானவனைப் பற்றி, ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்று கிராமங்களில் ஏளனமாகச் சொல்வதுண்டு. ஆயின் அக்கடுதாசி யாது, அதனால் எது நீங்கும், எது நீங்காது என்பதை அறிந்தோர் சிலரே. வக்கீல் வைக்கப் பொருளில்லாதவர் இதனைச் செவ்வையாக அறிதல் அவசியம்.

சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களுக்கு 1909-ஆம் வருஷத்துச் சட்டமும், ஏனைய இடங்களுக்கு 1920-ஆம் வருஷத்து மாகாண இன்ஸால்வென்ஸி சட்டமும் ஏற்பட்டன. 2016-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. எனினும் தனி மனிதரைப் பற்றிய அதன் பகுதி, 2019 டிசம்பரில், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் மட்டில் அமலாக்கப்பட்டது. ஆகவே கிராமவாசி நோக்கவேண்டியது 1920-ஆம் வருஷத்துச் சட்டமே.

கடனைத் தீர்க்கச் சக்தியற்ற ஒருவர், கடன் மொத்தம் 500 ரூபாய்க்குக் குறையாதிருப்பினும், பண டிக்ரிக்காகக் கைதாகியிருப்பினும், சொத்து ஜப்தியில் இருப்பினும், தாம் வசிக்கும் எல்லைக்குரிய கோர்ட்டில் மனுச் செய்யலாம். வக்கீல் மூலமே வரவேண்டும் என்னும் விதி இல்லை. தாமே கையொப்பமிட்டு, கண்டவை உண்மையென்று கீழே எழுதி உறுதி கூறினால் போதும்.

மனுவின் உயிர் அதிலுள்ள இரண்டு ஜாபிதாக்களே. ஒன்றில் கடன் கொடுத்தோர் யாவருடைய பெயர், ஊர், தொகை ஆகியவற்றைத் தெரிந்தவரையில் எழுதவேண்டும். புரோநோட்டுக் கடனை எழுதிவிட்டு, மாமனாரிடம் வாங்கிய கைமாற்றை விட்டுவிடலாகாது. மற்றொன்றில் நிலம், வீடு, வரவேண்டிய பாக்கி முதலிய எல்லாச் சொத்தையும், மதிப்பையும், அவை இருக்குமிடத்தையும் காட்டவேண்டும். முன்பு எப்போதேனும் இத்தகைய மனுக் கொடுத்ததுண்டா என்பதையும் சொல்லவேண்டும்.

எல்லாம் பறிபோய்விடும் என்று அஞ்சிப் பலர் மறைக்கின்றனர். அவ்வச்சம் பெரும்பாலும் வீண். உடை, சமையல் பாத்திரம், படுக்கை, மாதர் மதாசாரப்படி கழற்றலாகாத நகை, உழவுக் கருவிகள், பிழைப்புக்கு இன்றியமையாதென்று கோர்ட்டார் கருதும் மாடும் விதைத் தானியமும், விவசாயி குடியிருக்கும் அவருடைய வீடு ஆகியன சிவில் சட்டப்படி ஜப்திக்கு உட்படா. மறைப்பதோ பெருந்தீங்கு. கிரயமென்று பெயர் பண்ணி மைத்துனன் பேருக்கு நிலத்தை எழுதி வைத்து இரண்டு வருஷத்துக்குள் மனுக் கொடுத்தால், கோர்ட்டார் அதை ரத்துச் செய்யலாம். வேண்டியவர் ஒருவரை மட்டும் சலுகையாகத் தீர்த்துவிட்டு மூன்று மாதத்துக்குள் மனுக் கொடுத்தாலும் அக்கதியே. கணக்கையோ சொத்தையோ மோசடியாக மறைத்தவருக்கு ஒரு வருஷம்வரை சிறையும் உண்டு.

கோர்ட்டார் ஒருவரை இன்ஸால்வெண்டு என்று தீர்மானித்தபின், சொத்து கோர்ட்டையோ ரிஸீவரையோ சேரும். கோர்ட்டின் அனுமதியின்றிக் கடன் கொடுத்தோர் வழக்குத் தொடர இயலாது. அடமானம் பெற்றவருடைய உரிமை மட்டும் அப்படியே நிற்கும். வக்கீலின்றி நடத்துவோர் தவறுவது இதன் பிறகுதான். கைதிலிருந்து பாதுகாப்புத் தானே வந்துவிடாது; அதற்குத் தனியே மனுச் செய்யவேண்டும். கடனிலிருந்து விடுதலையும் அத்தீர்மானத்தோடு கிடைப்பதன்று. அதில் குறித்த கெடுவுக்குள் விடுதலை கோரி மறுபடி மனுச் செய்யவேண்டும். கெடு தவறினால் முன் தீர்மானம் ரத்தாகும். பிறகு அனுமதியின்றி மனுக் கொடுக்கவும் இயலாது. சொத்து ரூபாய்க்கு எட்டணா வீதமேனும் தேறாவிடில், தாம் பொறுப்பாகாத காரணத்தால் அவ்வாறாயிற்று என்று காட்டினாலன்றி முழு விடுதலை கிடையாது. விளைச்சல் கெட்ட வருஷங்களை அத்தாட்சியுடன் காட்ட முடிந்தவர் இவ்விடத்தில் பிழைப்பர்.

விடுதலை பெற்றும் சர்க்காருக்குச் செலுத்தவேண்டியதும், மோசடியால் ஏற்பட்ட கடனும் நீங்கா. சங்க அங்கத்தினர் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது வேறொன்று. கடனாளி விடுதலையானாலும், அவருக்கு ஜாமீன் நின்றவர் விடுதலையாவதில்லை. சங்கக் கடன் பத்திரத்தில் உடன் கையொப்பமிட்ட அண்டை வீட்டாரிடமிருந்து அத்தொகையைச் சங்கம் வசூலிக்கலாம். ஆதலின் மனுவை எழுதத் தொடங்குமுன் கடனாளி அவரிடம் சென்று விஷயத்தைச் சொல்வது உசிதம். கோர்ட்டு நோட்டீஸைக் கண்டு அவர் தெரிந்துகொள்ளும்படி விடலாகாது.