இறக்கத்தில்தான் கால் வலிக்கும்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் பெங்களூரு விவேக் நகர் டீக்கடைகளில் வேளாங்கண்ணிப் பேச்சு வந்துவிடும். வியாழக்கிழமை நவநாளுக்குக் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வருகிற நம் ஆட்களில், வருடம் தவறாமல் காவி உடுத்தி நடந்தே போய்வருகிறவர்கள் உண்டு. இந்த வருடம்தான் முதல் தடவை என்பவர்களும் உண்டு. நீங்கள் இரண்டாவது ரகம் என்றால், டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். வேண்டுதல் உங்களுக்கும் மாதாவுக்கும் உள்ள கணக்கு; அதில் நான் தலையிடவில்லை. தொடை, பாதம், உப்பு, இவ்வளவுதான் என் பேச்சு.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் திருவிழா. சேலம், திருச்சி, தஞ்சாவூர் வழியாகப் போனால் 500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். எல்லோரும் இந்தத் தூரத்தைத்தான் எண்ணுகிறார்கள், உயரத்தை யாரும் பார்ப்பதில்லை. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர். வேளாங்கண்ணியோ கடற்கரை. கூட்டிக் கழித்தால் பயணம் மொத்தமும் இறக்கம். "இறக்கம்தானே, கால் தானாகப் போகும்" என்பார்கள். அங்கேதான் கால் மாட்டிக்கொள்கிறது.

தொப்பூர் கணவாயில் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஏறும்போது என்ஜின் முக்கும். கீழே இறங்கும்போது பிரேக் காயும். உங்கள் தொடையின் முன்பக்கத் தசைதான் அந்த பிரேக். ஏறும்போது அது சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது, சுருங்கப் பார்த்துக்கொண்டே நீளவும் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் உடம்பு முன்னே விழாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். மூச்சு வாங்காது, அதனால் உழைப்பதே தெரியாது. ஆனால் தசை இழைகளில் நுண்ணிய சேதம் விழும். அதை உடம்பு பழுதுபார்க்கிறபோது வீக்கமும் வலியும் வரும். ஜிம்மில் இதற்கு லாக்டிக் அமிலத்தைக் குற்றம் சொல்வார்கள். பாவம், அது நடை நின்ற ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்தை விட்டுப் போய்விடும். இந்த வலி மெதுவாக, மறுநாள்தான் எழும். மூன்றாம் நாள் வரை கூடிக்கொண்டே போகும்.

இப்போது நாட்களை வைத்துப் பாருங்கள். முதல் நாள் உற்சாகத்தில் எல்லோரும் ஓசூரைப் பிடிக்கப் பார்ப்பார்கள். இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் 7 மணி நேரம். டீ, சாப்பாடு, சிறுநீர், சிக்னல் எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரம் ஆகும். சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி என்று பாதை பெரும்பாலும் சமதளம், வானமும் மூட்டமாக இருக்கும். ராத்திரி ஓசூரில் படுக்கும்போது "இவ்வளவுதானா" என்று தோன்றும். மறுநாள் சூளகிரி, அதற்கடுத்து கிருஷ்ணகிரி. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குள், ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், சாலை 350 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. வலி உச்சத்துக்கு வருகிற நேரமும் சரிவும் ஒன்றாக வந்து சேரும். மேட்டுநிலத்துக் குளுமையும் அங்கே கைவிட்டுவிடும். மாதா சோதிக்கிறாள் என்று அப்போது தோன்றும். சோதிப்பது முதல் நாள் அவசரம்.

அதனால் முதல் நாள் ஓசூருக்கு முன்பே, சந்தாபுராவிலேயே நின்றுவிடுங்கள். கூட வருகிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். இன்னொன்று, புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போதே இறங்கிப் பழகுங்கள். ஒரு தடவை லேசாக அடிபட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த வலியோடு தாங்கும். கோரமங்களாப் பக்கம் உயரமான அடுக்குமாடியில் தெரிந்தவர்கள் இருந்தால் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்குங்கள். வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

தசையாவது சில நாளில் சொன்னபடி கேட்கும், தோல் கேட்காது. கொப்புளம் வெறும் உரசலால் வருவதில்லை. ஷூவோடும் சாக்ஸோடும் மேல்தோல் ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. இந்த இழுபறியில் தோலின் அடுக்குகள் நடுவே பிரிந்து நீர் கோக்கிறது. ஈரம் பட்ட தோல் இன்னும் ஒட்டும். ஆகவே ஓரிடம் சுடுவதுபோல் தோன்றியதுமே, அடுத்த ஊர் வரட்டும் என்று நினைக்காமல், அங்கேயே உட்கார்ந்து காலைக் காய வைத்து, சாக்ஸ் மாற்றி, பிளாஸ்டர் ஒட்டுங்கள். எழும்பிய கொப்புளத்தின் தோலை உரிக்கவே கூடாது. வெறுங்கால் நேர்ச்சைக்காரர்கள் மதியத்தில் சாலையோர வெள்ளைக்கோட்டின் மேலேயே நடப்பார்கள். தாரைவிட அது சூடு குறைவு.

ஷூவுக்காகப் பெரிய தொகையைச் செலவழிக்காதீர்கள். 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், 3,000 கிலோமீட்டருக்கு மேல், சாதாரணக் கேன்வாஸ் ஷூக்களில் நடந்து முடித்தார். தோளில் இருந்தது அவரே தைத்த ஒரு துணிப்பை. கண்டிப்பாக வேண்டியது காலுக்குப் பழகிய ஷூ. புறப்படும் வாரத்தில் வாங்கிய புது ஷூவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வெயிலில் ஒரு மணி நேரம் நடந்தால் அரை லிட்டருக்கு மேலேயே வியர்வை போகலாம், உப்போடு சேர்த்து. அதற்குப் பயந்து வெறும் தண்ணீராகவே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். உப்பு போட்ட மோர், ஊறுகாய் வைத்த தயிர்சாதம், ஓஆர்எஸ் பாக்கெட் எல்லாம் நல்லது. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். இருட்டில் நடந்தால் மார்பிலும் முதுகிலும் ஒளிரும் பட்டை ஒட்டி, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக நடங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். வெறுங்கால் நேர்ச்சை வேண்டவே வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. ஒவ்வொரு இரவும் செல்போனில் இரண்டு உள்ளங்காலையும் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்போ வெடிப்போ தெரிந்தால், மறுநாள் பஸ்.