வீடா, வண்டியா?

"உங்கள் முகவரி என்ன?" என்று எவரேனும் கேட்டால் நாம் யோசிப்பதே இல்லை. கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறோம். கல்லூரி விண்ணப்பம் முதல் குடும்ப அட்டை வரை எல்லாமே அந்த நான்கு வரிகளை நம்பித்தான் இருக்கின்றன. அந்த நான்கு வரிகள் இல்லாத ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குச் சமையலறை உண்டு, படுக்கை உண்டு, குளியலறையும் உண்டு. ஆனால் அவை அனைத்தும் சக்கரங்களின் மேல் இருக்கின்றன. சென்ற வாரம் அரிசோனா. இந்த வாரம் யூட்டா. அடுத்த வாரம் கொலராடோ. பள்ளிக்குச் செல்லும் வயதுடைய குழந்தைகளும் உடன் இருக்கின்றனர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வாறு ஆண்டு முழுவதும் வண்டியிலேயே வாழும் குடும்பங்கள் பல உள்ளன. அவ்வண்டியை அவர்கள் 'மோட்டார் ஹோம்' என்பர். நான் இக்கட்டுரையில் அதனை வீட்டு வண்டி என்றே அழைக்கிறேன். இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது வண்டியைக் காட்டிலும் சட்டமே எனக்கு அதிக வியப்பளித்தது. ஒரே வண்டியை ஒரு துறை வீடு என்கிறது. மற்றொன்று வாகனம் என்கிறது. இன்னொன்று அதில் வாழும் குழந்தையை வீடற்ற குழந்தை என்கிறது. இந்த வேறுபாடு எதனால் வந்தது, அதனால் குழந்தைகளுக்கு நேர்வது என்ன என்பதை விளக்குவதே என் நோக்கம்.

வண்டி வந்த வரலாறு

1915-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நியூயார்க் மாநிலத்தின் ஹன்டிங்டன் என்னும் ஊரிலிருந்து ரோலண்ட் காங்க்ளின் என்ற செல்வர் தம் குடும்பத்துடன் சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டார். அவர் பேருந்து செய்யும் நிறுவனம் நடத்தியவர். தாமே கட்டுவித்த 25 அடி நீளமும் 8 டன் எடையும் கொண்ட வண்டியில் அடுப்படியும் மடக்குப் படுக்கைகளும் புத்தக அலமாரியும் வைத்திருந்தார். 'ஜிப்சி வேன்' என்று பெயர் பெற்ற அவ்வண்டியை இன்றைய வீட்டு வண்டிகளின் முன்னோடி எனலாம்.

செல்வர்க்கு மட்டுமே எட்டிய இந்தப் பொருளை நடுத்தர மக்களுக்கும் எட்டச் செய்தது தொழிற்சாலை உற்பத்தி. அயோவா மாநிலத்து ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ நிறுவனம் 1966-இல் வீட்டு வண்டிகளைத் தொடர் உற்பத்தி முறையில் செய்யத் தொடங்கியது. விலை குறைந்தது, வாங்குவோர் பெருகினர். விடுமுறைக்காக வாங்கியவர்களுள் சிலர் அதிலேயே நிலையாகத் தங்கவும் தலைப்பட்டனர். 1978-இல் அத்தகையோருக்கென எஸ்கேபீஸ் என்ற சங்கம் தோன்றியது. இதன் தலைமையகம் டெக்சாஸ் மாநிலத்து லிவிங்ஸ்டன் நகரில் உள்ளது.

உள்ளே வாழ்க்கை

"எலி வளை ஆனாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் பழமொழி. வீட்டு வண்டி ஏறக்குறைய அத்தகையதே. 30 அடி நீளமும் எட்டரை அடி அகலமும் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். மொத்தப் பரப்பு 255 சதுர அடி. ஓட்டுநர் இருக்கையும் இதனுள் அடக்கம். பகலில் சாப்பாட்டு மேசையாக இருப்பதே இரவில் குழந்தையின் படுக்கையாகிறது. காலையில் அதுவே பள்ளிக்கூடமாகிறது.

வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்றில் நல்ல தண்ணீர். ஒன்றில் குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர். மற்றொன்றில் கழிப்பறைக் கழிவு. நடுத்தர வண்டி ஒன்றின் நல்ல தண்ணீர்த் தொட்டி சுமார் 40 காலன், அதாவது 150 லிட்டர் கொள்ளும். சராசரி அமெரிக்கக் குடும்பமோ வீட்டில் நாளொன்றுக்கு 300 காலனுக்கு மேல் செலவிடுகிறது. ஆகவே, வீட்டில் ஒரு நாளில் ஓடிப்போகும் தண்ணீரில் ஏழில் ஒரு பங்கைக் கொண்டு நால்வர் பல நாள் ஓட்ட வேண்டும். கழிவுத் தொட்டிகள் நிரம்பினால் அதற்கென அமைந்த இடத்துக்குச் சென்றே வடிக்கலாம். குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்துபோகும் என்பதால் பலர் தெற்கு நோக்கிச் சென்றுவிடுகின்றனர்.

குழந்தைகள் உள்ள வண்டியில் மற்றொரு கவலையும் உண்டு. உள்ளே நடமாட இடம் இருப்பதாலேயே ஓடும்போதும் நடமாடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. சிறு குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையை முன்னோக்கிய இருக்கையில்தான் பொருத்த வேண்டும். பக்கவாட்டுச் சோபாவில் பொருத்தக் கூடாது. எனவே எத்தனை பேர் படுக்கலாம் என்பதைக் காட்டிலும் எத்தனை பேர் வார் கட்டிப் பாதுகாப்பாக அமரலாம் என்பதே பெற்றோர் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு.

எங்கே நிறுத்துவது?

கட்டணம் செலுத்தினால் தண்ணீர், மின்சாரம், கழிவு வடிகால் மூன்றையும் இணைத்துக்கொள்ளத் தக்க தனியார் பூங்காக்கள் உள்ளன. இயலாதவர்கள் மேற்கு மாநிலங்களில் பரந்து கிடக்கும் மத்திய அரசின் பொது நிலங்களை நாடுகின்றனர். அந்நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் நில மேலாண்மைத் துறை, பெரும்பாலான இடங்களில் 28 நாட்களுக்குள் 14 நாட்கள் மட்டுமே ஓரிடத்தில் தங்க இசைகிறது. அதன் பிறகு வண்டியைக் கிளப்பியாக வேண்டும். அரிசோனாவின் குவார்ட்ஸ்சைட் அருகில் உள்ளது போன்ற சில இடங்களில் மட்டும், அனுமதிச் சீட்டு பெற்றுக் குளிர்காலம் முழுவதும் தங்கலாம்.

பதினான்கு நாளைக்கு ஒருமுறை ஊர் மாறும் குழந்தை எந்தப் பள்ளிக்குச் செல்லும்? அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் பெற்றோர் வீட்டிலேயே கல்வி கற்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க்கில் ஆண்டுப் பாடத்திட்டம், காலாண்டு அறிக்கைகள், ஆண்டு மதிப்பீடு அனைத்தையும் பெற்றோர் அளிக்க வேண்டும். டெக்சாசில் வீட்டுப் பள்ளியைத் தனியார் பள்ளியாகவே கருதுவதால் அறிக்கை எதுவும் தேவையில்லை. எனவே வண்டிக் குடும்பம் தன் சட்டபூர்வ மாநிலமாக எதைத் தேர்ந்துகொள்கிறதோ அதைப் பொறுத்தே குழந்தையின் கல்விக்குக் கண்காணிப்பு இருப்பதும் இல்லாததும் அமைகிறது. பலர் டெக்சாஸ், ஃபுளோரிடா, தெற்கு டகோட்டா மாநிலங்களைத் தேர்கின்றனர். அங்கே மாநில வருமான வரி இல்லை. கடிதங்களைப் பெற்று, வண்டி நிற்கும் இடத்துக்கு அனுப்பிவைக்கும் முகவரி நிலையங்களும் உண்டு.

சட்டத்தின் மூன்று விடைகள்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். முதல் விடை வரித்துறையினுடையது. தூங்க இடம், சமைக்க வசதி, கழிப்பறை ஆகிய மூன்றும் இருந்தால் வீட்டு வண்டியும் வீடே. அதை ஈடாகக் காட்டி வாங்கிய கடனின் வட்டிக்கு, வீட்டுக் கடன் போலவே வரிச்சலுகை கோரலாம்.

இரண்டாம் விடை காவல்துறை தொடர்பானது. வீட்டைச் சோதனையிட நீதிபதியின் ஆணை வேண்டும் என்பது அமெரிக்க அரசியலமைப்பின் பொது நெறி. சான் டியாகோ நகரில் வாகன நிறுத்தத்தில் நின்ற வீட்டு வண்டி ஒன்றைக் காவலர்கள் ஆணையின்றிச் சோதித்தனர். 'கலிபோர்னியா எதிர் கார்னி' என்ற அவ்வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வழங்கியது. ஓட்டிச் செல்லக்கூடிய நிலையில், குடியிருப்பல்லாத இடத்தில் நிற்கும் வண்டி வாகனமே. போதிய காரணம் இருந்தால் ஆணையின்றிச் சோதிக்கலாம் என்றது. ஓரிடத்தில் நிலையாக நிறுத்தி வீடாகவே பயன்படுத்தும் வண்டியைப் பற்றி அது முடிவு கூறவில்லை.

மூன்றாம் விடை கல்வித்துறையினுடையது. 1987-இல் பிறந்த மெக்கின்னி-வென்டோ சட்டம், தகுந்த மாற்று உறைவிடம் இல்லாத காரணத்தால் காரிலோ முகாம் திடலிலோ வாழும் குழந்தையை வீடற்ற குழந்தையாகக் கொள்கிறது. இதை இழிவென்று எண்ண வேண்டாம். இது ஓர் உரிமை. முகவரிச் சான்றோ பழைய பள்ளியின் ஆவணங்களோ கையில் இல்லாவிட்டாலும் அக்குழந்தையைப் பள்ளி உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்பு படித்த பள்ளியிலேயே தொடர்வது குழந்தைக்கு நல்லதெனில் அதற்கும் போக்குவரத்துக்கும் வழி செய்ய வேண்டும்.

விருப்பமும் கட்டாயமும்

நண்பர்களே, ஒரு நகரில் இரண்டு வண்டிகள் நிற்பதாகக் கொள்வோம். ஒன்றில், வேலையைக் கணினி வழியே செய்துகொண்டு நாட்டைச் சுற்றும் குடும்பம். மற்றொன்றில், வாடகை கட்ட இயலாமல் பழைய வண்டி ஒன்றில் ஒதுங்கிய குடும்பம். சக்கரங்கள் ஒன்றே, தொட்டிகள் ஒன்றே. முதல் குடும்பம் சலித்துப்போனால் வீடு பார்த்துக் குடியேறும். இரண்டாம் குடும்பத்துக்குப் போக்கிடமில்லை.

நகரச் சட்டங்கள் இவ்விருவருள் யாரைத் தாக்குகின்றன? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வாகனத்தில் வாழ்வதைத் தடை செய்து 1983-இல் சட்டம் இயற்றியிருந்தது. 2014-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அச்சட்டம் தெளிவற்றது என்று கூறி அதனை நீக்கியது. வண்டியில் உணவு உண்பவர், உடைமை ஏற்றிச் செல்பவர் எவரையும் பிடிக்கத் தக்க அளவுக்கு அது அகன்றிருந்தது. நடைமுறையிலோ வீடற்றவர்கள் மீதே பாய்ந்தது. எனினும் 2024-இல் ஆரிகன் மாநிலத்து கிரான்ட்ஸ் பாஸ் நகர வழக்கில், பொது இடத்தில் முகாமிட்டு உறங்குவோரைத் தண்டிப்பது அரசியலமைப்பு விலக்கிய கொடிய தண்டனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நகரங்களின் கை இன்று ஓங்கியிருக்கிறது.

இம்மூன்று விடைகளுள் கல்வித்துறையின் விடையே சிறந்தது என்பது என் கருத்து. வரித்துறை உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்று பார்க்கிறது. காவல்துறை அது ஓடுமா என்று பார்க்கிறது. கல்விச் சட்டம் மட்டுமே அதனுள் இருப்பவருக்கு வேறு வழி உண்டா என்று கேட்கிறது. கேட்டுவிட்டு, குழந்தையை வாசலில் நிறுத்திவைக்காமல் முதலில் வகுப்பில் அமர்த்துகிறது. சான்றிதழ் பிறகு வரலாம்.

ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. விரும்பி வண்டியில் வாழும் குடும்பத்தின் குழந்தையை அச்சட்டம் காண்பதில்லை. அறிக்கை கேட்காத மாநிலத்தைப் பெற்றோர் தேர்ந்துகொண்டால், அக்குழந்தை படிக்கிறதா, மருத்துவரைப் பார்த்ததா என்று கேட்பார் எவருமில்லை. பொறுப்புள்ள பெற்றோரிடம் இதனால் தீங்கில்லை. மலையையும் பாலைவனத்தையும் நேரில் கண்டு பாடம் கற்கும் பேறு அக்குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. ஆயினும் எல்லாப் பெற்றோரும் பொறுப்புள்ளவர் என்று நம்பிச் சட்டம் வாளாவிருக்க முடியாது.

நான்கு சுவர் நிலத்தில் ஊன்றியிருந்தால்தான் வீடு என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீர், பாதுகாப்பு, படிப்பு இவை மூன்றும் தவறாமல் கிடைத்து, நாளை இங்கே இருக்கலாமா என்ற அச்சமின்றிக் குழந்தை உறங்குமானால், சக்கரத்தின் மேல் இருந்தாலும் அது வீடுதான். இவை கிடைக்காத குழந்தை எங்கே நின்றாலும் அதன் நலனைத் தேடிச் சென்று பார்ப்பது அரசின் கடமை. முகவரி இல்லை என்பதை அதற்குத் தடையாகக் காட்டலாகாது.