டெஸ்ட் ஃபெயில் ஆனா ரீ-ரன் தான் மருந்தா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ற எந்த டீமையும் கேட்டுப் பாருங்க. ஆட்டோமேட்டட் டெஸ்ட் ஃபெயில் ஆனா முதல்ல என்ன செய்வீங்க? "இன்னொரு தடவை ரன் பண்ணிப் பார்ப்போம்" என்பதுதான் பெரும்பாலும் பதில். ரெண்டாவது தடவை பச்சை வந்துட்டா அதோட அந்த விஷயத்தை மறந்துடுவோம். கோடு மாறல, டெஸ்ட் மாறல, ஆனா ஒரு தடவை பாஸ், ஒரு தடவை ஃபெயில். இந்த மாதிரி டெஸ்ட்டுக்கு ஃப்ளேக்கி டெஸ்ட் என்று பெயர்.

பெரிய கம்பெனிகளுக்கும் இந்தத் தலைவலி உண்டு. கூகுள் 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, அவர்களுடைய டெஸ்ட்களில் ஏறக்குறைய 16 சதவீதத்தில் ஏதோ ஓர் அளவுக்கு இந்தக் குணம் இருந்தது. பாஸிலிருந்து ஃபெயிலுக்கு மாறிய சம்பவங்களில் 84 சதவீதம் ஃப்ளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டவை. ஆனா புதுசா உடைஞ்ச கோடு மீதியில் இருக்குமே! ரீ-ரன் பழகிப்போனா ரெண்டுக்கும் வித்தியாசம் நம்ம கண்ணுக்குத் தெரியாது.

சேலம், நாமக்கல் பக்கத்து பஸ் நேரம் காட்டும் ஒரு ஆப் எழுதுறோம்னு வச்சுக்குவோம். தமிழில் ஊர் பேரைப் போட்டுத் தேடலாம். பைதான், பைடெஸ்ட், செலினியம் மூணும் பயன்படுத்துறோம். இதில் ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆனா வரிசையா என்ன பார்க்கணும்?

1. தனியா ஓட்டிப் பாருங்க

முதல்ல எரர் மெசேஜை முழுசா படிங்க. எது வரணும், எது வந்தது ரெண்டையும் பைடெஸ்ட் காட்டும். அப்புறம் அந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் ஓட்டுங்க. தனியா பாஸ், கூட்டத்தில் ஃபெயில் என்றால், வேற ஏதோ டெஸ்ட் டேட்டாபேஸைக் கலைச்சு வச்சிருக்கு என்று சந்தேகப்படலாம். ஒரு டெஸ்ட் ராசிபுரத்தை டெலீட் பண்ணிட்டுப் போயிடும், அடுத்தது அதே ராசிபுரத்தைத் தேடும். ஒவ்வொரு டெஸ்ட்டும் தனக்கு வேண்டிய டேட்டாவைத் தானே உருவாக்கி, முடிஞ்சதும் தானே அழிக்கணும். பைடெஸ்ட்டில் ஃபிக்ஸ்சர் அதுக்குத்தான் இருக்கு.

2. ஸ்லீப்பை நம்பாதீங்க

பட்டனை க்ளிக் பண்ணிட்டு 2 செகண்ட் ஸ்லீப் போடுறது நம்ம பசங்க வழக்கம். நெட் நல்லா இருந்தா பாஸ், ஹாஸ்டல் வைஃபை இழுத்தா ஃபெயில். 2-ஐ 10 ஆக்கினால் டெஸ்ட் மெதுவாகுமே தவிர பிரச்சினை போகாது. "ரிசல்ட் லிஸ்ட் திரையில் வரும் வரை காத்திரு, அதிகபட்சம் 10 செகண்ட்" என்று நிபந்தனையோடு காத்திருக்கச் சொல்லுங்க. செலினியத்தில் இதற்கு எக்ஸ்ப்ளிசிட் வெயிட் என்று பேர்.

3. மணி என்னன்னு பாருங்க

ராத்திரி 2 மணிக்கு புஷ் பண்றீங்க. உங்க லேப்டாப்பில் பாஸான டெஸ்ட் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் ஃபெயில் ஆகுது. காலையில் ரீ-ரன் பண்ணினா பாஸ்! காரணம், அந்த சர்வர் யூடிசி நேரத்தில் ஓடுது. நம்ம நேரம் அதைவிட 5:30 மணி முன்னால். நமக்கு ராத்திரி 2 மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு 8:30 தான். ஆக, நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரைக்கும் "இன்றைய தேதி" ரெண்டு இடத்திலும் வேற வேற. இதில் தப்பு கோடில்தான் இருக்கு. டைம் ஸோனைச் சொல்லாமல் தேதி கேட்கக் கூடாது. டெஸ்ட்டிலும் நிஜக் கடிகாரத்தை விட்டுட்டு ஒரு குறிப்பிட்ட நேரத்தைக் கொடுத்துச் சோதிங்க.

4. ஒரே மாதிரி தெரியும், ஆனா ஒண்ணு இல்லை

இது தமிழில் ஆப் எழுதுற எல்லாருக்கும் வரக்கூடியது. நம்ம டெஸ்ட் ஊர்ப் பட்டியலிலிருந்து ரேண்டமா ஒரு ஊரை எடுத்துத் தேடுதுன்னு வையுங்க. சேலம், நாமக்கல், ராசிபுரம் வந்தா பாஸ். திருச்செங்கோடு, கொல்லிமலை வந்தா ஃபெயில். எரர் மெசேஜில் "திருச்செங்கோடு, திருச்செங்கோடு, இரண்டும் சமம் இல்லை" என்று வரும். எத்தனை தடவை பார்த்தாலும் ஒரு எழுத்துகூட வித்தியாசம் தெரியாது.

ரெண்டின் நீளத்தையும் பிரிண்ட் பண்ணிப் பாருங்க. ஒண்ணு 14, இன்னொண்ணு 15. யூனிகோடில் "கோ" என்பதை இரண்டு விதமா சேமிக்கலாம். "க" கூட ஓகாரக் குறி ஒன்றே ஒன்று வரலாம். அல்லது இரட்டைக் கொம்பு தனியா, கால் தனியா என்று இரண்டு குறிகள் வரலாம். "கொ"வுக்கும் இதே கதைதான். யூனிகோட் விதிப்படி இரண்டும் ஒன்றே. ஆனா பைதானின் சமக்குறி உள்ளே இருக்கிற எண்களைத்தான் ஒப்பிடும். எக்செல், பிடிஎஃப், இரண்டு பேருடைய கீபோர்டு என்று டேட்டா பல இடத்திலிருந்து வந்தா, இரண்டு வடிவமும் கலந்துவிட வாய்ப்பு இருக்கு. சேலத்திலும் ராசிபுரத்திலும் ஒகர, ஓகாரக் குறி இல்லாததால் அவை தப்பித்துக்கொள்ளும்.

மருந்து சுலபம்: டேட்டா உள்ளே வரும்போதும் யூசர் தேடும்போதும் பைதானின் நார்மலைஸ் ஃபங்ஷனால் என்எஃப்சி வடிவத்துக்கு மாத்திடுங்க. ஒரு எச்சரிக்கை: "வௌவால்" என்பதை வெ, ள என்று பிரிச்சு டைப் பண்ணியிருந்தா இது திருத்தாது. அது எழுத்துப்பிழை, தனியாத்தான் பிடிக்கணும்.

இந்த இடத்தில் ரீ-ரன் பண்ணியிருந்தா, அடுத்த தடவை ரேண்டமா நாமக்கல் வந்து பச்சை ஆகியிருக்கும். ஆப் வெளியே போயிருக்கும். திருச்செங்கோட்டில் ஒருத்தர் தன் ஊரைத் தேடும்போது "பஸ் இல்லை" என்று காட்டியிருக்கும்.

நாளைக்கு ரிவியூ, இன்னிக்குள்ள சரிபண்ண முடியலையா? டெஸ்ட்டை கமெண்ட் பண்ணி மறைக்காதீங்க. ஸ்கிப் போட்டு, எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, எந்த மெஷினில் ஃபெயில் ஆச்சுன்னு காரணத்தையும் அங்கேயே எழுதுங்க. ஒவ்வொரு ரன்னிலும் அந்த ஸ்கிப் கணக்கில் வரும், உங்க டீமில் யாராவது ஒருத்தர் அதை எடுத்துப் பார்ப்பாங்க.