சென்னையில் கண்டுபிடிக்கப்பட்ட ‘ஆசியா’ சிறுகோள்

விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பிய நெகிரி செம்பிலான் தோட்டத்து மக்களுக்கு வானம் புதிதல்ல. விடிவெள்ளியைப் பார்த்தே நேரம் சொன்ன பெரியவர்கள் உண்டு. அதே வானத்தில், வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிவரும் ஒரு பாறைக்கு ‘ஆசியா’ என்று பெயர். அதைக் கண்டுபிடித்த ஊர், அவர்களின் முன்னோர் பலர் கப்பலேறிய சென்னை.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே லட்சக்கணக்கான சிறுகோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன. அவற்றில் 67ஆம் எண் கொண்டது ஆசியா. 1861 ஏப்ரல் 17ஆம் தேதி, சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் அதைக் கண்டார். அங்கே அவர் பொறுப்பேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அந்தப் பெயர்.

எப்படிக் கண்டார்கள்?

புகைப்படம் எடுத்து விண்மீன்களை ஒப்பிடும் வசதி அன்று இல்லை. வானத்தின் ஒரு பகுதியைத் தொலைநோக்கியில் பார்த்து, விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிடுவார்கள். படத்தில் இல்லாத புள்ளி தெரிந்தால் மறுநாளும் பார்ப்பார்கள். விண்மீன்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் நிற்கும். சிறுகோள் மட்டும் சற்று நகர்ந்திருக்கும். பொறுமையும் கூரிய கண்ணும்தான் முதல்.

ஆசியாவின் குறுக்களவு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்குக் காரில் போகும் தூரம். சூரியனிலிருந்து சராசரியாக 36 கோடி கிலோமீட்டர் தொலைவில், ஒரு சுற்றை முடிக்க அதற்கு 3 ஆண்டு 9 மாதம் ஆகிறது. தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 16 மணி நேரம். சிலிக்கேட் கனிமங்கள் நிறைந்த கற்பாறை வகையைச் சேர்ந்தது.

மறக்கக் கூடாத பெயர்

போக்சன் சென்னையிலிருந்து மொத்தம் 5 சிறுகோள்களைக் கண்டார். அவருக்கு உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை அவரே கண்டறிந்தார். லண்டன் அரச வானியல் கழகத்தில் உறுப்பினராகவும் இருந்தார். நேரடி வானாய்வோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார்.

1988இல் தமிழ்நாட்டின் காவலூரில் ராஜமோகன் இன்னொரு சிறுகோளைக் கண்டார். அதற்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது.

வானியல் என்றால் மேல்நாட்டார் வேலை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். நகர வெளிச்சம் எட்டாத தோட்டத்து இரவு வானம் காண்பதற்கு ஏற்றது. ஓரளவு நல்ல தொலைநோக்கியும், முதல் நாள் பார்த்ததை வரைந்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால், போக்சன் செய்த அதே சோதனையை ஒரு தமிழ்ப்பள்ளி மாணவரும் செய்து பார்க்கலாம்.